ஓர் இடமும் ஓர் ஆண்டும்

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவந்தபின் மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் பல இல்லங்களிலே ஒரே பேச்சு நிகழக் கேட்கலாம். மகனோ மகளோ கால்நடை மருத்துவம் கற்க விரும்புகின்றனர். அரசுக் கல்லூரியில் இடம்பெறுதற்குச் சில மதிப்பெண்கள் குறைந்துவிட்டன. அந்நிலையில் வேற்று மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்று, இடம் உண்டென்றும் குறித்த நாளுக்குள் பணம் கட்டவேண்டுமென்றும் மடல் விடுக்கின்றது. கேட்கும் தொகையோ பெரிது. அவ்விடத்தை ஏற்பதா, ஓராண்டு பொறுத்து மீண்டும் விண்ணப்பிப்பதா? இவ்வினாவுக்கு விடை காணும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

இக்கல்வியின்மீது நம் பக்கத்து இளைஞர்க்கு விருப்பம் உண்டாவது வியப்பன்று. மதுரைச் சமவெளி, நீர் பாயும் இடத்தில் நெல்வயலாகவும் பாயாத இடத்தில் மானாவாரி நிலமாகவும் கிடப்பது. மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி உழவனைத் தாங்கி நிற்பன அவன் வீட்டுக் கறவை மாடும் ஆட்டு மந்தையுமே ஆகும். வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டிக் கருப்பு ஆடும், கிடை கிடையாகத் திரியும் புலிக்குளம் மாடும் இவ்வட்டாரத்துக்கே உரிய இனங்கள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலுக்குள் விடப்பெறும் காளைகளை முன்னதாகச் சோதித்துத் தகுதி உரைப்பவர் கால்நடை மருத்துவரே. கோமாரியோ, சப்பை நோயோ, அடைப்பானோ ஒரு தொழுவத்திற் புகுந்துவிட்டால் பல்லாண்டு உழைப்பு சில நாளில் அழிந்துபோகும்.

இவற்றினும் கொடியதாக முன்னாளில் இருந்தது வெக்கை நோய். பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு கிளாட் பூர்ஜலா என்பவர் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவியதற்கு, ஐரோப்பிய மாடுகளை வாரிக்கொண்டு சென்ற அந்நோய் ஒரு பெருங்காரணம். நூற்றாண்டுகள் பல போராடிய பின்னர், 2011ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பெற்றது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் அஃது. அத்தகைய தொழிலைக் கற்க ஓர் இளம் உள்ளம் துடிக்குமாயின், அத்துடிப்பைப் பழித்தல் தகாது. துடிப்பு வேறு, கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதே இல்லங்களில் நேரும் குழப்பம்.

அரசுக் கல்லூரிகளின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின் வேப்பேரியில் நிலைபெற்ற சென்னைக் கல்லூரியே தென்னிந்தியாவில் மூத்தது. நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டிலும், திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் 2012ஆம் ஆண்டிலும் கல்லூரிகள் எழுந்தன. அவற்றின் பின்னர்த் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய இடங்களிலும் தோன்றின. மதுரைக்குக் கல்லூரி வாய்க்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. இக்கல்லூரிகளிற் பொது இடம் பெற்றவர் செலுத்தும் கட்டணம், தனியார் கல்லூரி கேட்பதில் ஒரு சிறு பகுதியே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கியுள்ளது. இதனை அறியாமலே பெருந்தொகை தேடி அலையும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது.

இனிக் கணக்கிற்கு வருவோம். மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்க. அவள் தந்தைக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் நான்கு கறவை மாடுகளும் உள. கல்லூரி ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுக்கு 20 லட்சம் கேட்பதாகக் கொள்வோம். படிப்போ பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. வங்கிக் கடனுக்கு வட்டி நூற்றுக்குப் பத்து எனின், தனிவட்டி முறையிற் பார்த்தாலும் படிப்பு முடியும் நாளில் வட்டி மட்டும் 7 லட்சம் ஏறியிருக்கும். ஆக 27 லட்சம். இதனைப் பத்தாண்டிலே தவணையாகத் தீர்ப்பதாயின் மாதந்தோறும் ஏறத்தாழ 35,700 ரூபாய் கட்டல் வேண்டும். முடிவிற் செலுத்திய மொத்தத் தொகை 43 லட்சத்தை நெருங்கும்.

வருவாய்ப் பக்கத்தையும் நோக்குக. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019இல் 1,141 கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு அறிவிப்பு விடுத்தபொழுது தொடக்க அடிப்படை ஊதியம் 55,500 ரூபாய். அடுத்த பெரிய அறிவிப்பு 2022இல் வந்தது. ஆண்டுதோறும் வாராத இவ்வறிவிப்பை நம்பி மாதத் தவணையைத் தொடங்குதல் அரிது. தனியே தொழில் நடத்தும் மருத்துவர்க்கோ, ஏழை உழவனின் ஆட்டைப் பார்த்துவிட்டுப் பெருந்தொகை கேட்க மனம் வருமா? கடனாளி மருத்துவர் நாளடைவில் சிற்றூரை விட்டு நகரத்து நாய் பூனை மருத்துவத்தை நாடிச் செல்வார். அவரைக் குறை கூறவும் இயலாது.

ஓராண்டு பொறுத்தலுக்கும் விலை உண்டு. பணியில் அமர்வது ஓராண்டு தள்ளிப்போவதால் அடிப்படை ஊதியமாக 6,66,000 ரூபாய் இழப்பு, பயிற்சி வகுப்புச் செலவு வேறு, மனச்சோர்வும் உண்டு. எனினும் இவ்விழப்பு ஒருமுறை நேர்ந்து நின்றுவிடுவது. கடனோ உறங்கும் பொழுதும் வளர்வது. "ஓராண்டு வீணாயிற்றே" என்று சுற்றத்தார் சொல்லும் சொல்லுக்கு அஞ்சிப் பதினைந்தாண்டு உழைப்பை அடகு வைப்போர் பலர். பெருங்கடனுக்கு வங்கிகள் பொதுவாக நிலத்தையோ வீட்டையோ ஈடு கேட்கும். மாட்டையும் மண்ணையும் விற்று மாட்டு மருத்துவம் கற்பது எனக்கு உடன்பாடன்று. அக்கல்லூரிக் கட்டணம், உண்ணும் சோற்றுக்கு ஊறு நேராமற் கட்டக்கூடிய அளவினதாயின் ஏற்பதில் தவறில்லை.

ஆனாற் பொறுத்திருப்போர் ஒன்றை ஆராய்தல் வேண்டும்: அடுத்த ஆண்டு எந்தக் கதவு திறக்கும்? தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் தரவரிசை மேல்நிலைத் தேர்வில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணைக் கொண்டு அமைவது. முடிந்த தேர்வின் மதிப்பெண் காத்திருப்பதனால் உயராது. அகில இந்திய ஒதுக்கீடான நூற்றுக்குப் பதினைந்து இடங்களோ நீட் தேர்வு வழியாக நிரப்பப்பெறுவன; அத்தேர்வை மறுபடியும் எழுதலாம். ஆகவே சிறிதளவே பின்தங்கியவர் பொறுத்தல் நன்று. மிகப் பின்தங்கியவர்க்கு அக்கல்லூரிகளை நடத்தும் பல்கலைக்கழகத்திலேயே பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகள் உள.

தொகை எதுவாயினும், பணம் கட்டுமுன் அக்கல்லூரியின் பட்டம் 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டத்தின்கீழ் ஏற்பு உடையதா என்று கேட்டறிக. ஏற்பில்லாப் பட்டத்தைக் கொண்டு பதிவு பெறவும், தொழில் நடத்தவும் இயலாது.

முதற் கலந்தாய்வில் இடமில்லை என்று கேட்ட அன்றே வங்கி வாயிலுக்கு ஓடவும் வேண்டா. மனித மருத்துவத்தில் இடம் பெற்றோர் தம் கால்நடை மருத்துவ இடத்தை விட்டுச் செல்வது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. அங்ஙனம் காலியாகும் இடங்கள் பின்னைச் சுற்றுகளில் நிரப்பப்பெறும். மேலூர் மாணவி அதுவரை தன் ஊர்க் கால்நடை மருந்தகத்திற்குச் சென்று நிற்கலாம். நள்ளிரவில் கன்று ஈனமுடியாமற் கதறும் பசுவின் வயிற்றுக்குள் முழங்கை அளவு கைவிட்டுக் கன்றைத் திருப்பும் மருத்துவரை அவள் காண்பாள். அவ்வேலை தனக்கு ஒக்குமா ஒவ்வாதா என்பது அங்கேயே விளங்கிவிடும்.