கல்லடிப் பாலத்துக்கு அடியில்

ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் 1924இல் எழுந்த இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் மட்டக்களப்பின் கல்லடியில் அருகருகே வாவியைக் கடக்கின்றன. மேலால் போகாமல் வாவிக்கு அடியால் ஒரு சுரங்கப்பாதை போட முடியுமா? பதில் இந்த மண்ணில் இருக்கிறது.

கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே படிந்த மணல். வீட்டுக் கிணறுகளுக்கு நீண்ட வாளிக்கயிறு தேவைப்படுவதில்லை; தண்ணீர் அவ்வளவு மேலே நிற்கிறது. இத்தகைய மணலைக் குடைந்தால் முகப்பு தானாக நிற்காது, நீரோடு குழம்பாகி உள்ளே பாயும். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் மார்க் புருனெல் 1825இல் தொடங்கிய சுரங்கத்துள் பலமுறை வெள்ளம் புகுந்தது. 1843இல்தான் அது திறந்தது. இன்றைய துளைப்பு இயந்திரங்கள் முகப்பு மண்ணை அழுத்தம் கொடுத்துத் தாங்கியபடியே நகர்கின்றன, பின்னாலேயே கொங்கிறீற்று வளையங்கள் பூட்டப்படுகின்றன. ஆனாலும் நீர் நிறைந்த மணலில் வெற்றுக்குழாய் மேலெழப் பார்க்கும். அதை அடக்க ஆழம் வேண்டும். ஆழம் கூடினால் இருபுறமும் சரிவுப்பாதை நீளும். ஒடுங்கிய கல்லடியில் அதற்கு இடம் எங்கே?

எல்லாவற்றிலும் பெரிய கவலை கிணறுதான். இங்கு நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. சுரங்கத்துள் நீர் கசிந்தால் நன்னீர் இறங்கும், உவர் மேலேறும். மலைநாட்டின் கடும் பாறையில்கூட இழப்பு நேர்ந்தது: 2014 டிசெம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அங்குள்ள குடும்பங்களுக்குக் குடிநீர் பவுசரில் வந்தது.