சுட்டாத சுட்டுவிரல்

குழந்தை இன்னும் பேசவில்லையே என்ற கவலைதான் பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துவருகிறது. ஆனால் ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தின் அடையாளங்கள் பேச்சுக்கு முன்பே விரலிலும் விழியிலும் தென்படத் தொடங்குகின்றன. ஒரு வயதையொட்டிக் குழந்தைகள் சுட்டிக்காட்டக் கற்கின்றன. பிஸ்கட் டப்பாவைக் காட்டிக் கேட்பது ஒரு வகை. மதில்மேல் அமர்ந்த காக்கையைக் காட்டிவிட்டு, தாயும் அதைப் பார்க்கிறாளா என அவள் முகத்தை நோக்குவது வேறு வகை. பின்னதில் குழந்தை எதையும் கேட்கவில்லை. தான் கண்டதை இன்னொருவரும் காணவேண்டும் என்றே விரும்புகிறது. உளவியலார் கவனப் பகிர்வு என்று குறிக்கும் இத்திறன் ஒன்றரை வயதாகியும் தோன்றவில்லையெனில், அது மட்டுமே முடிவாகாது என்றாலும், உடனடி ஆய்வுக்குரியது.

வேண்டியதைச் சுட்டாமல் பெரியவரின் கையை இழுத்துச் சென்று பொருளின்மேல் வைப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை தொலைக்காட்சி விளம்பரத்தின் இசைக்கு ஓடிவருவது, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே நெடுநேரம் சுழற்றுவது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சில குழந்தைகள் ஒன்றரை வயதையொட்டி, கற்ற சொற்களையே இழந்துவிடுகின்றன. அத்தகைய இழப்பு எந்த வயதில் நேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. "அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற வீட்டுப் பெரியவர்களின் ஆறுதல் அன்பில் பிறந்ததே எனினும், கிடைத்தற்கரிய மாதங்களை அது விழுங்கிவிடுகிறது.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து இந்நிலையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். தாயின் பாசக்குறைவே காரணம் என்று பின்னர் பரவிய கொடிய கருத்தும், தடுப்பூசியைக் குற்றஞ்சாட்டி 1998இல் வெளிவந்து 2010இல் இதழாலேயே திரும்பப் பெறப்பட்ட கட்டுரையும் அறிவியலால் மறுக்கப்பட்டுவிட்டன. இருந்தும் தாயர் இன்றும் பழி சுமக்கின்றனர். இது பெரும் அநீதி.

மதியிறுக்கத்தை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. செவித்திறனைச் சோதித்தபின், குழந்தையின் விளையாட்டையும் பழகும் முறையையும் வல்லுநர்கள் உற்றுநோக்கியே முடிவுக்கு வருகின்றனர். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கெனப் பெற்றோரிடம் கேட்கப்படும் எம்-சாட் என்னும் 20 வினாக்கள், மேலாய்வு யாருக்குத் தேவை என்று வடிகட்டுபவை மட்டுமே. வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை ஆராய, 2013இல் இந்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பேச்சுப் பயிற்சியையும், தரையில் அமர்ந்து குழந்தையின் போக்கிலேயே விளையாடிப் பழக்குவதையும் தொடங்க, நோயறிதல் சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.