பார்த்தவர் வாய் திறக்க வேண்டும்



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளைகள் சிலர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார்கள். கூட்டாளிகளோடு நடன பாருக்குப் போன இடத்தில், நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி விருப்பமில்லாமல் ஆடுவது போலத் தெரிந்தது. சொல்லப் போனால், "நீ அங்கே ஏன் போனாய்?" என்பார்களே, என்ன செய்வது?

அங்கே போனது தவறு; அதில் இரண்டாவது பேச்சில்லை. நாம் செய்த பாவத்தைப் பரப்பாமல், அல்லாஹ்விடம் தவ்பா செய்து திருந்துவதே மார்க்கம் காட்டும் வழி. ஆனால் மறைக்க வேண்டியது நம் பாவத்தைத்தான். இன்னொருத்திக்கு நடக்கும் அநியாயத்தை அல்ல.

மதீனாவில் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை, தன் அடிமைப் பெண்ணை விபசாரத்துக்கு அனுப்பிச் சம்பாதிக்கப் பார்த்தான். அதையொட்டியே அந்நூர் அத்தியாயத்தின் 33ஆம் வசனம் இறங்கியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நிர்ப்பந்திப்பதைத் தடுக்கும் அவ்வசனம், நிர்ப்பந்திக்கப்பட்டவர்களுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பும் கருணையும் உண்டு என்று முடிகிறது. அல்லாஹ் கருணை காட்டும் பெண்ணை நாம் இழிவாகப் பேசலாமா?

ஓட்டல் வேலை, விழா நிகழ்ச்சி வேலை என்று சொல்லி விசிட் விசாவில் அழைத்துப் போவார்கள். இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். டிக்கெட் செலவும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏறும். தனியாக வெளியே போக முடியாது. தங்குமிடத்துக்கும் பாருக்கும் ஒரே வேன். யாரோடு பேசினாலும் ஒருவர் கண்காணிப்பார். இவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

"சம்மதித்துத்தானே போனாள்" என்பது சட்டத்தில் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 143ஆம் பிரிவின்படி, ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. கடத்தப்பட்டவர் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, ஒரு பெண்ணைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குபவருக்கு 144ஆம் பிரிவில் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சிறார் என்றால் 5 முதல் 10 ஆண்டு. ஆக, அப்படிச் சுரண்டலில் ஈடுபடும் வாடிக்கையாளர் மீதும் இது பாயக்கூடும்.

சந்தேகம் வந்தால் அங்கேயே தட்டிக்கேட்க வேண்டாம். அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். இடத்தின் பெயர், நாள், நேரம், அவள் சொன்ன ஊர் இவற்றை நினைவில் வைத்து, அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ காவல்துறையிலோ சொல்லுங்கள். நம் நாட்டில் அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, சிறாருக்கு 1098.

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் நம் அறக்கட்டளைக்கு வாருங்கள். அங்கே ஏன் போனீர்கள் என்று கேட்க மாட்டோம். அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். மீண்டு வரும் பெண்ணையும் இதே போல, கேள்வி கேட்காமல் நம் வீடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

– செயலாளர்