முதல் மேட்ச்சில் தோற்றால் கதை முடிந்ததா? 60-6 என அடி வாங்கி ஃபைனல் போன சமோவா!

பொங்கல் வந்தால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கபடி களைகட்டும். விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட்தான். வண்டி பிடித்து, நுழைவுக் கட்டணம் கட்டி, பல மணி நேரம் காத்திருந்து களமிறங்கும் டீம், முதல் ஆட்டத்தில் தோற்றால் அத்தோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். 'இன்னும் ஒரு மேட்ச் கிடைச்சிருந்தா காட்டியிருப்போம்டா...' என்ற புலம்பல் வீடு போய்ச் சேரும்வரை ஓயாது.

அந்த 'இன்னும் ஒரு மேட்ச்' கிடைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 2022-ல் நடந்த ரக்பி லீக் உலகக் கோப்பையில் அதற்குப் பதில் இருக்கிறது.

கபடி பார்த்த கண்ணுக்கு...

ரக்பி லீக் நமக்குப் புதிது. ஆனால், கபடி பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓட வேண்டும். அவர்கள் பாய்ந்து பிடிப்பார்கள். பிடிபட்டவர் எழுந்து ஆட்டத்தைத் தொடரலாம். ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் வைத்தால் 4 புள்ளிகள்.

கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன அந்தத் தொடரில், ஆண்கள் பிரிவில் 16 அணிகள், 4 குரூப்கள். எப்படி ஆடினாலும் ஒவ்வோர் அணிக்கும் 3 ஆட்டங்கள் உறுதி. குரூப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தால் காலிறுதி.

அக்டோபர் 15-ம் தேதி முதல் ஆட்டம். சுமார் 2 லட்சம் பேர் மட்டுமே வாழும் பசிபிக் தீவு நாடான சமோவா, நியூகாசிலில் இங்கிலாந்தைச் சந்தித்தது. 60-6 எனப் படுதோல்வி!

நாக்-அவுட்டாக இருந்திருந்தால் சமோவா அன்றே மூட்டை கட்டியிருக்கும். குரூப் ஆட்டம் என்பதால் எழுந்து நிற்க அவகாசம் கிடைத்தது. அடுத்து கிரீஸை 72-4, பிரான்ஸை 62-4 என வீழ்த்தியது. காலிறுதியில் டோங்காவை 20-18 என மயிரிழையில் வென்றது. அரையிறுதியில் மறுபடியும் அதே இங்கிலாந்து! 80 நிமிட முடிவில் 26-26. கூடுதல் நேரத்தில் யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி. சமோவாவின் ஸ்டீபன் கிரைட்டன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 27-26!

ஃபைனலில் ஆஸ்திரேலியாவிடம் 30-10 எனத் தோற்றாலும், உலகக் கோப்பை ஃபைனலில் சமோவா ஆடியது அதுவே முதல் முறை.

நம் கபடியிலும் நடந்தது!

2016-ல் அகமதாபாத்தில் கபடி உலகக் கோப்பை. அக்டோபர் 7-ம் தேதி முதல் குரூப் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 34-32 என இந்தியா தோற்றது. சொந்த மண்ணில் விழுந்த அடி. ஆனால், அடுத்த நான்கு குரூப் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அக்டோபர் 22-ம் தேதி ஃபைனலில் ஈரானிடம் பாதி ஆட்டம்வரை பின்தங்கியிருந்தும், 38-29 எனக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் நம் தஞ்சாவூர் மண்ணின் தர்மராஜ் சேரலாதனும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41!

எட்டு டீம்களை வைத்து நாக்-அவுட் நடத்தினால் 7 ஆட்டங்களில் முடிந்துவிடும். நான்கு நான்காகப் பிரித்து குரூப் ஆட்டங்கள் வைத்தால், அரையிறுதி, ஃபைனலோடு சேர்த்து 15 ஆகும். ஓர் இரவு இரண்டு இரவாகும். விளக்கு, மைக் செட் செலவும் கூடும். எல்லாப் போட்டிகளிலும் இது முடியாதுதான். பள்ளிப் பிள்ளைகள் ஆடும் போட்டிகளிலாவது செய்து பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் தோற்ற பையன்கள் வண்டி ஏறுவதற்கு முன், இன்னும் இரண்டு முறை களத்தில் இறங்கிவிட்டுப் போகட்டுமே!