பேரத்துல 'கேட்பது' யாரு?

ஷேர் மார்க்கெட் ஆப்ல 'பிட்', 'ஆஸ்க்'னு ரெண்டு விலை ஓடுறதைப் பார்த்திருப்பீங்க. 'ஆஸ்க்' விற்கிறவரோட விலை. அதை அப்படியே தமிழ்ல 'கேட்கிற விலை'னு மாத்தினா அர்த்தம் தலைகீழா ஆயிடும் நண்பர்களே! நம்ம ஊர் பேரத்துல கேட்கிறவர் எப்பவும் வாங்குறவர்தான்.

கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு சந்தையில நின்னு கவனிங்க. விற்கிறவர் விலையைச் 'சொல்வார்'.

"ஆடு என்ன விலை சொல்றீங்க?"

"எட்டாயிரம் சொல்றேன். காலையிலயே ஏழாயிரத்துக்குக் கேட்டாங்க, கொடுக்கல."

ஏலத்துலயும் இதே கணக்குதான். ஒருத்தர் ஏலம் 'விடுவார்', மத்தவங்க 'கேட்பாங்க'. மாட்டுச் சந்தையில தரகர்கள் துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு, வாயே திறக்காம விலை பேசுவாங்க. அதுக்கும் பேரு 'கேட்கிறது'தான்!

சொன்னதும் கேட்டதும் ஒரு இடத்துல சேர்ந்தா பேரம் 'படிஞ்சுது'. கலங்கின தண்ணியில மண் படியுற மாதிரி. பாடம் 'படிச்சேன்' வேற, பேரம் 'படிஞ்சுது' வேற, குழப்பிக்காதீங்க. சேரலன்னா 'கட்டுப்படியாகல'.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருக்கு. கேட்க ரெண்டு பேராவது வேணும். கல்வராயன் மலையில புளியோ மரவள்ளியோ வச்சிருக்கிறவர்கிட்ட ஒரே வியாபாரி வந்து, அவர்கிட்டயே முன்பணமும் வாங்கியிருந்தா, விலை 'சொல்ல' வழியே இல்ல. அவர் கேட்டதுதான் விலை. மரவள்ளிக்கு மாவுச்சத்து 'பாயின்ட்' பார்த்து விலை போடுவாங்க. அப்போ விலையோட சேர்த்து பாயின்ட்டுக்கும் பேரம் நடக்கும்.

இந்த நிலைமையை மாத்தத்தான் மெட்ராஸ் மாகாணத்துல 1933-லயே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்துச்சு. இன்னைக்குக் கள்ளக்குறிச்சியில இருக்கிற மாதிரியான ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அந்த வழியில வந்தவை. அங்க நடக்கிற மறைமுக ஏலத்துல, ஒவ்வொரு வியாபாரியும் அடுத்தவர் விலை தெரியாமலே தன் விலையை எழுதிக் கொடுக்கணும். அதிக விலை எழுதினவருக்குச் சரக்கு. அந்த விலையும் கட்டுப்படியாகலன்னா விவசாயி 'கொடுக்கல'ன்னு சொல்லலாம். 2016-ல வந்த இ-நாம், கேட்கிற ஆளை ஊருக்கு வெளியே இருந்தும் கூட்டிட்டு வரப் பார்க்குது.

'கேட்க ஆளில்ல'ன்னா ஆதரவில்லாதவங்கன்னு அர்த்தம். சந்தையிலயும் அதுக்கு அதே அர்த்தம்தான்.

பிளேஸ்மென்ட் சீசன்ல ஹெச்.ஆர். "எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?"ன்னா ஞாபகம் வச்சுக்கோங்க: விற்கிறது நம்ம உழைப்பு. விலையை நாமதான் சொல்லணும்!