பச்சைத் தேநீர் மூளையைக் காக்குமா?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், நலம் விசாரிக்க வருபவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பட்டியலில் பச்சைத் தேநீருக்கும் இடம் உண்டு. "தினமும் குடிக்கக் கொடுங்கள், மூளை பழையபடி ஆகிவிடும்" என்று உறுதியாகவே சொல்வார்கள். இதில் எவ்வளவு உண்மை?

பச்சைத் தேயிலையும் நாம் அன்றாடம் பாலூற்றிக் கலக்கும் தேயிலையும் ஒரே செடியில் பறிக்கப்படுபவைதான். பறித்த இலையை உடனே ஆவியில் காட்டியோ வறுத்தோ உலர்த்தினால் அது பச்சைத் தேயிலை. நசுக்கி, காற்றுப்பட வைத்துப் பதப்படுத்தினால் கறுப்புத் தேயிலை. அப்படி வைக்கும்போது இலையிலுள்ள 'கேட்டச்சின்' என்னும் பொருள்களில் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலையில் அவை தங்கிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஈ.ஜி.சி.ஜி.

மூளையில் நடப்பது என்ன?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதால் வருவதே பெரும்பாலான பக்கவாதம். அடைபட்ட இடத்தின் நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதியோ உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். அடைப்பு நீங்கி இரத்தம் மீண்டும் பாயும்போதும் ஒரு சிக்கல் உண்டு. 'ஃப்ரீ ரேடிக்கல்' எனப்படும் கூறுகள் பெருகி உயிரணுக்களைத் தாக்கும். ஈ.ஜி.சி.ஜி. இவற்றை அடக்கவல்லது. இப்பொருள் கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில் சேதம் குறைந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆனால், எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்தும் விலங்குகளிடம் நல்ல பலன் தந்தது. 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் பயனில்லை என்று தெரிந்தது.

ஜப்பானியர் அனுபவம்

வருமுன் காப்பதில் பச்சைத் தேநீருக்குச் சற்று நல்ல பெயர் உண்டு. ஜப்பானில் 82,000க்கும் மேற்பட்டோரைச் சராசரி 13 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அரிதாகக் குடித்தவர்களைவிட, நாளொன்றுக்கு 4 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்தது. எனினும் அவர்களிடம் உடற்பயிற்சிப் பழக்கமும் கூடுதலாக இருந்தது. ஆகவே, புகழ் முழுவதையும் தேநீருக்கே கொடுத்துவிட முடியாது. அவர்கள் அதில் சீனியோ பாலோ சேர்ப்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கவனம் தேவை

தேநீர்க் கோப்பைக்குப் பதிலாக மாத்திரை வடிவில் அதிக அளவு சாறு உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கலாம். நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. அளவை எட்டும் மாத்திரைகள் குறித்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பச்சைத் தேநீரை அளவுமீறிக் குடிக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் தொங்கினால், பேச்சுக் குழறினால் உடனே மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் தெம்புக்கு என்று தேநீரோ தண்ணீரோ புகட்டுவது ஆபத்து. விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

பச்சைத் தேநீரை நலமாக இருக்கும் நாளில் சீனியின்றிக் குடிக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாமல் குடிக்கலாம். பக்கவாதம் தாக்கிய நிமிடத்தில் தேட வேண்டியது தேயிலையை அன்று, தொலைபேசியை.