நாண் இறுகினால் வில் உயரும்

நனைந்த பாதத்தைத் தரையில் ஊன்றி, பதிந்த சுவட்டில் உள்வளைவு தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாரும் அறிந்த சோதனை. அந்தச் சுவடு பாதத்தின் வடிவத்தைக் காட்டுமே தவிர, வலிமையைக் காட்டாது. தட்டைப் பாதத்துடன் வலியின்றி வாழ்நாள் முழுவதும் நடப்போர் பலர் இருக்க, நடுத்தர வயதுவரை நல்ல வளைவுடன் இருந்த பாதம் மெல்லச் சரிந்து, உட்கணுக்காலில் வலியும் வீக்கமும் தோன்றுவதும் உண்டு. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையின் அஞ்சடிகளில், அதாவது கடைவீடுகளின் முன்னே கூரையுடன் ஓடும் நடைவழிகளில், நாள் முழுதும் நின்று வணிகம் செய்வோரும், உணவங்காடி நிலையங்களில் பணிபுரிவோரும் கவனிக்க வேண்டியது, பாதம் தன் வேலையைச் செய்கிறதா என்பதையே.

இருகால்களாலும் நுனிக்காலில் எழுந்து நிற்கையில் வளைவு தோன்றி, குதிகால் உள்நோக்கித் திரும்புமானால் அது நெகிழ்வுள்ள தட்டைப் பாதம். பயிற்சி பெரிதும் பயன்படுவது இவ்வகைக்கே. வளைவு தோன்றாவிட்டால் எலும்புகள் பிணைந்திருத்தல், மூட்டுத் தேய்வு முதலிய காரணங்களை மருத்துவர்தாம் ஆராய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியாதவருக்கோ, கணைக்காலின் பின்புறத்திலிருந்து உட்கணுக்காலைச் சுற்றி வந்து வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் நலிந்திருக்கக்கூடும்.

பாதத்தின் அமைப்பில் பெரிதும் வியப்புக்குரியது, வில்லும் நாணும் போன்ற அதன் உறவு. குதிகாலெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் உறுதியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. எலும்புகளின் வளைவை வில் என்று கொண்டால் இப்பட்டையே நாண். பெருவிரல் மேல்நோக்கி வளையும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல, பட்டை விரலடி எலும்பின் தலையைச் சுற்றி இழுபட, குதிகாலுக்கும் விரலடிக்கும் இடையிலான தொலைவு குறைந்து, தசையின் முயற்சி இல்லாமலே வளைவு எழுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜே. எச். ஹிக்ஸ் 1954-இல் விளக்கிய இவ்வியக்கத்தைக் கண்ணாலேயே காணலாம்: ஒருவர் இயல்பாக நின்றிருக்க, மற்றொருவர் அவருடைய பெருவிரலைத் தூக்கிப் பார்த்தால் போதும். நடையில் குதிகால் எழும் ஒவ்வொரு முறையும் இதுவே நிகழ்ந்து, தளர்ந்திருந்த பாதம் உடலை முன்னே உந்தும் நெம்புகோலாக விறைக்கிறது.

நார்ப்பட்டையைப் பழக்க இயலாது. அதற்குத் துணைநிற்கும் தசைகளைப் பழக்கலாம். அதற்கான பயிற்சிகளுள் முதன்மையானது குறும்பாதப் பயிற்சி: விரல்களைச் சுருட்டாமலும் குதிகாலைத் தூக்காமலும், பெருவிரலின் அடியைக் குதிகாலை நோக்கி இழுத்துப் பாதத்தைக் குறுக்கி, சில விநாடிகள் நிறுத்தி விடுவதே அது. புல்லாங்குழல் பழகத் தொடங்கியவரின் மோதிரவிரல் தனித்து எழ மறுப்பதுபோல, தொடக்கத்தில் உள்ளங்கால் தசை கட்டளையை ஏற்காது, விரல்களே முந்திக்கொள்ளும். அமர்ந்து பழகியபின் நின்றும், அதன்பின் ஒற்றைக் காலிலும் செய்வது முறை. இறுகிய கெண்டைத்தசையை நீட்டுதலும், குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குதலும் இதனுடன் சேரும். மேற்சொன்ன தசைநாண் நலிந்த 36 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பாதத் தாங்கியும் தசைநீட்டலும் பெற்ற எல்லாருமே தேறினர். அவற்றோடு, தசை நீண்டபடியே சுமையைத் தாங்கும் பயிற்சியையும் செய்தோர் மிகுதியாகத் தேறினர். பெரியவர்களின் எலும்பு வடிவம் இதனால் மாறிவிடாது. வலி குறைந்து நடை தேறுவதே இதன் பயன்.

தாங்கிக்குப் பணம் செலவிடுவோர் பயிற்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கத் தயங்குவதுதான் வருத்தத்திற்குரியது. உழைக்காத பாதம் நலியக்கூடும் என்பதற்கு இந்தியாவிலேயே குறிப்புண்டு: பெஞ்சமின் ஜோசப்பும் உதய பாஸ்கர ராவும் 2300 சிறாரை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, காலணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தோரில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. இதைக் கேட்டுச் சிங்கப்பூர்க் குடியிருப்புப் பேட்டைகளின் கூழாங்கல் பாதைகளில் இறங்கிவிடுவதும் பிழையே. கல் அழுத்துவது தசைப்பயிற்சி ஆகாது. மேலும் நீரிழிவு இந்தியச் சமூகத்தில் மிகுந்துள்ள இந்நாட்டில், உணர்விழந்த பாதம் வெறுங்காலில் கல்மீது நடந்தால் புண்ணாகும் இடர் பெரிது. அத்தகையோரும், வலியோ வீக்கமோ உள்ளோரும் பலதுறை மருந்தகத்தில் காட்டி, இயன்முறை மருத்துவரிடம் பயிற்சியைக் கற்றுக்கொள்வது நலம். மற்றவர்க்குத் தனி இடமோ கருவியோ தேவையில்லை: அடுக்குமாடி வீட்டின் வாசலில் காலணியைக் கழற்றும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, கழற்றிய பாதத்திற்குச் சிறிது வேலை கொடுப்பதே எஞ்சியிருக்கிறது.